‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய காலத்தில் என்னை அதிகம் திணறடித்தது நீளமான சொல் எதுவுமில்லை. மூன்றே எழுத்துள்ள ‘கெட்’தான். அகராதியில் ‘பெறு, அடை’ என்று இருந்தது. சரி என்று மனப்பாடம் செய்துகொண்டு புத்தகத்தைத் திறந்தால் ‘ஐ காட் எ கோல்ட்’ என்று வரும். சளியை யாராவது பெறுவார்களா? ‘ஐ டிட்ன்ட் கெட் இட்’ என்றால் கைக்கு வந்து சேரவில்லை என்பதா, புரியவில்லை என்பதா? இரண்டும்தான் என்று தெரிந்தபோது சோர்ந்துபோனேன்.

வழி கிடைத்தது, சொல்லின் வேரைத் தேடிப் போனபோதுதான். இன்றைய ‘கெட்’ பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’விலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) பேசிய மொழி அது. பழைய ஆங்கிலத்திலும் இதற்கு உறவான வினை இருந்தது. ஆனால் பெரும்பாலும் முன்னொட்டோடு சேர்ந்துதான் வரும். அந்தக் குடும்பத்தின் மிச்சம்தான் ‘ஃபர்கெட்’. பிடியில் இருந்தது நழுவிப்போவது என்பதே அதன் ஆதிப் பொருள். மறதிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

இன்னும் ஆழத்தில், ஆங்கிலம், லத்தீன் முதலியவற்றுக்குப் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மொழியில் இதன் வேருக்குப் பொருள் ‘பற்று, பிடி’. அதே வேரிலிருந்து லத்தீன் வழியாக வந்த இன்னொரு சொல் ‘காம்ப்ரிஹெண்ட்’, புரிந்துகொள். இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நாமும் ‘பிடிபடவில்லை’ என்றுதானே சொல்கிறோம்!

அப்புறம் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். சளி பிடித்தது. பஸ் பிடிக்கணும். போனில் அவரைப் பிடிக்கவே முடியவில்லை. திருடனைப் பிடித்துவிட்டார்கள். நல்ல ஆளாக ஒருத்தரைப் பிடித்துக் கொடு. இவை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ‘கெட்’ போட்டே சொல்லிவிடலாம். வீட்டில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் கையில் இருக்க, பேச்சில் யாரும் சொல்லாத ‘பெறு’வை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழில் சளி வந்து என்னைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நான்தான் எழுவாய், சளி செயப்படுபொருள். குழந்தைகள் தடுமாறுவது இந்தத் திசை மாற்றத்தில்தான். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதும் அப்படித்தான்: பிடித்த பொருள் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் நிற்கிறேன். பழைய ஆங்கிலத்தின் ‘லைக்’ இதே அமைப்பில்தான் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

‘பிடி’ எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதும் தெரியும். ‘காட் ஹர்ட்’ என்பதற்கு ‘அடிபட்டது’, ‘காட் லேட்’ என்பதற்கு ‘நேரமாகிவிட்டது’. அங்கே படு, ஆகு இரண்டும் கைகொடுக்கும். இவையும் நாம் தினமும் பேசும் வினைகளே.

பள்ளியில் ஓர் ஆசிரியர் என் கட்டுரையில் ‘கெட்’ வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் சுழித்து, ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ என்று திருத்தினார். இரண்டுமே 1066இல் பிரான்சின் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் பிரெஞ்சிலிருந்து வந்தவை. அலுவல் கடிதத்துக்கு அவை சரி. ஆனால் மனிதர்கள் பேசிக்கொள்வது ‘கெட்’டில்தான். அதைக் கீழான சொல் என்று நம்பவைத்ததால், பல ஆண்டுகள் நான் பேசிய ஆங்கிலம் மனு எழுதுவது போலவே இருந்தது. ‘கெட்’டின் ‘காட்டன்’ (gotten) என்ற வடிவத்தையும் அமெரிக்கர்களின் கொச்சை என்று ஒதுக்குகிறார்கள். அது பழைய வடிவம். பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்தது, அமெரிக்காவில் நிலைத்தது. ஆனால் ‘ஃபர்காட்டன்’ இரு பக்கமும் தப்பியது.

போன வாரம் அக்கா மகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். பட்டியல் எதுவும் தரவில்லை. ‘பிடி’ வைத்து உனக்குத் தோன்றும் வாக்கியங்களைச் சொல் என்றேன். ஏழெட்டு சொன்னான். சைக்கிள் செயினைப் பார்த்துவிட்டு, “துருப்பிடிச்சிருக்கு மாமா” என்றான். கொஞ்சம் யோசித்து அவனே, “இட் காட் ரஸ்டி” என்றான்.