பூனை ஒரு சின்ன நாய் அல்ல

வாட்ஸ்அப்பில் அந்தக் குறிப்பு மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய்யில் கற்பூரத்தைப் பொடித்துப் போட வேண்டும், கூடவே பூண்டுச் சாறு, கொஞ்சம் வேப்பெண்ணெய். பூனையோ நாயோ, உடம்பெல்லாம் தடவினால் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் ஓடிவிடுமாம். "கெமிக்கல் இல்லை, பக்க விளைவு இல்லை" என்று கடைசியில் ஒரு வரி. செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் என்று கோலாலம்பூர்ப் பக்கத்து எல்லாக் குழுவிலும் இதையே பார்த்துவிட்டேன்.

கற்பூரம் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. தோல் வழியாகவே உள்ளே போகும். பூண்டும் வெங்காயமும் அவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாயைவிடப் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். ஆக, குறிப்பில் உள்ள நான்கு பொருள்களில் பயப்படாமல் தொடக்கூடியது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அதுவும் வீட்டிலிருக்கும் தெள்ளை ஒழிக்கப் போவதில்லை.

பூனைக்கு எதைத் தடவினாலும் அது வாய்க்குள் போகும். நாள் முழுக்கத் தன்னையே நக்கிக்கொள்ளும் பிராணி அது. நம் காலில் தேய்த்துக்கொள்ளும் கோடாலித் தைலத்தை அதன் முதுகில் தேய்ப்பதும் அதற்குக் குடிக்கக் கொடுப்பதும் ஒன்றுதான். டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய், சிட்ரோனெல்லா எல்லாவற்றுக்கும் இதே கதை. கலப்பில்லாத டீ ட்ரீ எண்ணெய்யால் பாதிக்கப்பட்ட 443 நாய், பூனைகளின் விவரங்களை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2002 முதல் 2012 வரை பதிவானவை. தள்ளாட்டம், நடுக்கம், பின்னங்கால் பலவீனம், எச்சில் ஒழுகுதல். பெரும்பாலும் வளர்த்தவர்களே நல்லது என்று நினைத்துப் பூசியதுதான்.

வேப்பெண்ணெய்யைத் தொட்டால் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். எனக்கும் வேப்பமரத்தின் மேல் மரியாதை உண்டு. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் 1981ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வேறெங்கோ நடந்ததைப் பற்றி இல்லை, நம் மலேசியாவைப் பற்றி. கைவைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து, மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை நம் மருத்துவர்கள் அதில் எழுதியிருந்தார்கள். எந்த வீட்டுக் குழந்தைகள் என்று யோசித்துப் பாருங்கள். நம் பாட்டிமார் கை எப்போதும் தப்பாது என்று நம்புகிற வீடுகள்தான். மனிதக் குழந்தைக்கே அந்த நிலை என்றால், இரண்டு மூன்று கிலோ எடையில், தடவியதையெல்லாம் நக்கும் பூனைக்கு எவ்வளவு என்று எந்தக் குறிப்பில் அளவு போட்டிருக்கிறது? வேப்பிலையை வேகவைத்து ஆறிய தண்ணீரில் நாயைக் கழுவுவதைப் பற்றி நான் சண்டை போட மாட்டேன். எண்ணெய் வேறு சமாச்சாரம்.

சரி, கடை மருந்தே மேல் என்று சொல்ல வருகிறேனா என்றால், அதுவும் இல்லை. என்னை உண்மையில் கோபப்படுத்தியது ஒரு கடைதான். என் பக்கத்து ஃபிளாட் அக்கா பூனைக்கு மருந்து கேட்டிருக்கிறார். கடைத் தம்பி கழுத்தில் விடும் சொட்டு மருந்து ஒன்றை எடுத்து நீட்டி, "இது நாய்க்குப் போடறதுதான் அக்கா, பூனைக்குப் பாதி விட்டா போதும், உங்களுக்கும் காசு மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார். அட்டையில் பொடி எழுத்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர். நல்லவேளை, வீட்டுக்கு வந்ததும் என்னிடம் காட்டினார்.

பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றும் வேலையை நாயின் கல்லீரல் ஒழுங்காகச் செய்துவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான நொதி மிகக் குறைவு. பனடோல் பூனையைக் கொன்றுவிடும் என்று சொல்வதற்கும் இதுவேதான் காரணம். பாதி விட்டாலும் பூனை நடுங்கத் தொடங்கும், காதும் முகமும் துடிக்கும், பிறகு வலிப்பு. கே9 அட்வாண்டிக்ஸ் போன்ற நாய் மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்குப் போடக்கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்தும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்கள், மருந்து போட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் பூனைக்கு அந்த மருந்தை விட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு நேராகக் கிளினிக்குக்கு ஓடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகாதீர்கள். அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கும் பவுடரை நான் தொடவே மாட்டேன், ஏனென்றால் டாக்டரிடம் காட்ட அதில் ஒன்றும் இருக்காது.

முயல் வளர்ப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி உள்ள ஃபிரண்ட்லைன் சொட்டு மருந்து முயலுக்குக் கூடாது. பூனைக்குப் போடுகிறார்களே என்று எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

மாத்திரைகளைப் பற்றித்தான் இப்போது அதிகம் பயம் கிளப்புகிறார்கள். பிராவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா எல்லாம் ஐசாக்சசோலின் என்ற ஒரே குடும்பம். மருந்து இரத்தத்தில் இருக்கும். கடிக்கிற தெள்ளும் உண்ணியும் சாகும். இவற்றால் சில பிராணிகளுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2018 செப்டம்பரில் எச்சரித்தது. பரப்புகிறவர்கள் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான நாய், பூனைகளுக்கு இவை பாதுகாப்பானவை என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லி வேறு மருந்து கேளுங்கள். அதற்கு வாய் திறந்தால் போதும்.

இந்தப் பயத்தைக் கிளப்புகிறவர்கள் உண்ணிக் காய்ச்சலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கோலாலம்பூரில் நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சில நாய்க்கு மூக்கில் இரத்தம் வரும். எர்லிக்கியா, பபீசியா என்ற இந்தக் காய்ச்சல் கிருமிகள் இரண்டையும் இங்கே பரப்புவது பழுப்பு நாய் உண்ணிதான். பிளேட்லெட் இறங்கிப்போன நாயை டிரிப் போட்டுக் கிடத்திப் பார்த்தவர்கள் மாத்திரையின் பக்க விளைவைப் பற்றி அவ்வளவு சுலபமாகப் பேச மாட்டார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் சில மாதம் மருந்தை நிறுத்தி வைக்கலாம். நமக்கு எந்த மாதம் குளிர்? ஆகவே வெளியே போய் வரும் நாய்க்கு நான் மாத்திரைப் பக்கம்தான். பன்னிரண்டாவது மாடியை விட்டு இறங்காத பூனைக்கு எவ்வளவு இடைவெளியில் மருந்து தேவை என்பது வேறு கேள்வி, அதை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம்.

அப்புறம், பலர் "மருந்து வேலை செய்யவில்லை, எல்லாம் டூப்ளிகேட்" என்று திட்டுவது. டூப்ளிகேட்டும் இருக்கலாம்தான், ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைப்பதை எல்லாம் நம்ப முடியாது. ஆனால் பெரும்பாலும் பிரச்சினை நம் வீட்டுத் தரையில் இருக்கிறது. பிராணியின் மேல் நாம் பார்க்கும் தெள்ளு, மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான் என்று கணக்குச் சொல்வார்கள். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுக்குள் இருக்கும் பூச்சியாகச் சோபா இடுக்கிலும் மெத்தைக்கு அடியிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு நாற்பது, ஐம்பது முட்டை வரை இடும். முட்டை ஒட்டிக்கொள்ளாது, உதிர்ந்துவிடும். நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் முட்டை பூச்சியாக மாற இரண்டு மூன்று வாரம் போதும்.

அந்தக் கூட்டுப் பருவம்தான் பெரிய தொல்லை. எந்த ஸ்பிரேயும் உள்ளே சரியாகப் போகாது. சாம்பிராணிப் புகைக்கும் அது அசையாது, பூனைக்குத்தான் மூச்சு இழுக்கும். தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஈப்போவுக்கோ சுங்கை பட்டாணிக்கோ போய்விட்டு வந்தால், கதவைத் திறந்ததும் காலில் கடிக்கிறதே, ஏன் தெரியுமா? நாம் நடக்கும் அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்து அதுவரை காத்திருந்த பூச்சிகளை வெளியே வரவைக்கிறது. அதனால்தான் மருந்து போட்ட பிறகும் சில வாரம் புதுத் தெள்ளு கண்ணில் படும். பொறுமையில்லாமல் இரண்டாவது டோஸை உடனே போடுகிறவர்கள் பிராணிக்குத்தான் கெடுதல் செய்கிறார்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல், சொன்ன இடைவெளியில், வீட்டில் உள்ள எல்லா நாய், பூனைக்கும் போட வேண்டும்.

இயற்கை வழி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேக்கூம் கிளீனர்தான். சிரிக்காதீர்கள். தினமும் சோபா, கட்டிலடி, பூனை படுக்கும் மூலை என்று இழுத்து, அந்தக் குப்பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் முட்டையும் புழுவும் சாகும். தெள்ளு இருக்கிறதா என்றே சந்தேகமா? ஈரமான வெள்ளை டிஷ்யூவில் பிராணியின் கறுப்புத் தூசியை வைத்துப் பாருங்கள், செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளின் எச்சம், உள்ளே இரத்தம். டயட்டோமேசியஸ் மண் என்று ஒரு பொடியை இப்போது எல்லாரும் புகழ்கிறார்கள். காய்ந்திருந்தால்தான் அது பூச்சியை உலர்த்திக் கொல்லும். நம் ஊர் ஈரக்காற்றில் எவ்வளவு நேரம் காய்ந்திருக்கும்? அந்தத் தூசி பூனையின் நுரையீரலுக்கும் நல்லதல்ல, உங்கள் நுரையீரலுக்கும் நல்லதல்ல.

மாமாக் உணவுக்கடைப் பின்புறத்தில் கண் திறந்ததும் திறக்காததுமாகக் கிடைக்கும் குட்டிகளுக்கு மட்டும் எந்த மருந்தையும் கை போன போக்கில் போடாதீர்கள். பல மருந்துகளுக்கு குறைந்தது எட்டு வார வயது வேண்டும். ஆனால் தெள்ளை அப்படியே விடவும் முடியாது; அவ்வளவு சின்ன உடம்பில் இரத்தத்தை உறிஞ்சியே கொன்றுவிடும். பேன் சீப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், அதில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு. சீவி எடுத்து அதில் முக்கினால் தெள்ளு மூழ்கிவிடும், வெறும் தண்ணீரில் துள்ளி வெளியே வந்துவிடும். குட்டியின் ஈறு வெள்ளையாக இருந்தால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

"கெமிக்கல்" எதிர்ப்பாளர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 20 ஆறுகளில் எடுத்த தண்ணீரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2020ல் வெளிவந்தது. பெரும்பாலான மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்தது. பூச்சிகளைக் கொல்லும் மருந்து ஆற்றுப் பூச்சியையும் விட்டுவைக்காது. நம் வீட்டுச் சாக்கடை போய்ச் சேருவது கிள்ளான் ஆற்றில். சொட்டு மருந்து விட்ட இரண்டு நாளைக்கு நாயைக் குளிப்பாட்டாதீர்கள், மருந்தும் வீணாகாது. காலியான சொட்டு மருந்துக் குழாயைக் கழுவாமல் அப்படியே குப்பையில் போடுங்கள். அந்தக் கடைக்காரத் தம்பியிடம் நான் போய்ப் பேசினேன். பூனை மருந்தையும் நாய் மருந்தையும் ஒரே கொக்கியில் தொங்கவிடாதே என்றேன். "சரி அக்கா" என்றார். போன வாரம் பார்த்தேன், இன்னும் ஒரே கொக்கிதான். இந்தச் சனிக்கிழமை முதலாளி இருப்பாராம், அவரிடமே பேசப் போகிறேன்.