எலிஜிபிள் லிஸ்டும் ஆசீர்வாதமும்

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்து வீடியோவைச் சபை வாட்ஸப் குரூப்பில் திரும்பத் திரும்பப் போட்டு, அதன் கீழே வரிசையாக ஆமென், அல்லேலூயா, கைகூப்பும் பொம்மை என்று விழுவதைப் பார்த்தபிறகு முடியவில்லை. தாராவியில் அந்த வீடியோ இன்னும் வந்துசேராத போன் இருக்காது, அதனால் முழுக்கதையையும் சொல்லப்போவதில்லை.

சாட்சி சொன்ன பிரதரின் வீடு, தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கான சர்வேயில் எலிஜிபிள் ஆகிவிட்டது, அதாவது புது வீடு பெறத் தகுதியானது. சந்தோஷம். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் அப்பா தகரம் அடித்து உண்டாக்கிய வீடு அது, ஒவ்வொரு மழைக்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்து போன வீடு. ஸ்தோத்திரம் சொல்லட்டும், பேடா கொடுக்கட்டும். நானும் எடுத்துச் சாப்பிட்டேன். அதோடு மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தப் பதிவு இல்லை. "கிடைக்காதவர்கள் ஏன் கிடைக்கவில்லை என்று தங்களைத் தாங்களே ஆராய்ந்து பார்க்கவேண்டும், கர்த்தர் நீதியுள்ளவர்" என்று முடித்தாரே, அங்கேதான் எனக்குப் பேடா தொண்டையில் நின்றது. அதே வீட்டின் மாடியில் குடியிருக்கும் அக்கா பிள்ளைகளோடு நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை யாராவது பார்த்தீர்களா? வீடியோ எடுத்தவர் அந்தப் பக்கம் போனைத் திருப்பவில்லை.

சரி, ஆராய்ந்தே பார்ப்போம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கிற வீட்டுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, அதுவும் வாடகை, தவணை என்ற ஏற்பாடு. இதுதான் விதி. இதில் பரிசுத்தம் எங்கே வருகிறது, உபவாசம் எங்கே வருகிறது, தசமபாகம் எங்கே வருகிறது? இரும்பு ஏணியில் ஏறிப் போய்க் குடியிருந்ததுதான் அந்த அக்கா செய்த பாவமா? பிரதர் எடுத்துக்கொண்ட வசனமோ உபாகமம் 28, "நீ கீழாகாமல் மேலாவாய்". ஐயா, நம்ம ஊர் சர்வேயில் மேலே இருந்தவர்கள்தான் வெளியே போகிறார்கள்! வசனத்தை எடுக்குமுன் ஒரு தடவை மாடியைப் பார்த்திருக்கலாம்.

உனக்கு வந்ததை ஆசீர்வாதம் என்று சொல். வராதவரைப் பார்த்துப் பாவி என்று சொல்லாதே. இவ்வளவுதான் நான் சொல்வது.

இது என் சொந்தச் சரக்கும் அல்ல. லூக்கா 13-ஐத் திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்கிறார், இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மழைக்காலம் வந்தால் எங்காவது ஒரு கட்டடம் இடிந்து விழுகிற இந்த மும்பையில், மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு அந்த வசனம் நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். யோவான் 9-இல் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டதற்கும் இரண்டும் இல்லை என்றுதான் சொன்னார். நாம் அந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து பரேல் டாடா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். முடியெல்லாம் கொட்டியிருந்தது. வீட்டு ஜெபத்துக்கு என்று ஒரு குழு வந்தது. பாட்டு, வசனம், ஜெபம் எல்லாம் முடிந்தபிறகு அதில் ஒருவர், பிள்ளைகள் எங்களை வைத்துக்கொண்டே, "அறிக்கை செய்யாத பாவம் ஏதும் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டார். அம்மா திருநெல்வேலிக்காரி. "இந்தத் தெருவுல பாவம் இல்லாதவ யாருய்யா? அப்போ எல்லாருக்கும்லா கட்டி வரணும்" என்றாள். வந்தவர்கள் டீ குடிக்காமல் போனார்கள். அவர்கள் போனபிறகு அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ராத்திரி என்னிடம் மெதுவாக, "அப்படி ஏதும் இருக்குமோளா?" என்று கேட்டாள். நோய் கொடுத்த வலியை நான் மறந்துவிட்டேன். இந்தக் கேள்வியை மறக்கவில்லை.

அதே சபையில்தான் எங்கள் பக்கத்து வீட்டு அத்தையும் இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது, சாட்சி சொல்லி நான் பார்த்ததே இல்லை. விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் தன் டிரம்மோடு எங்கள் டிரம்மையும் நிரப்பிவிட்டுப் போவாள், அம்மா கண்மூடும்வரை. வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய் என்று வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது புலம்பிய யோபுவை அல்ல, தத்துவம் பேசிய எலிப்பாசையும் அவன் கூட்டாளிகளையும்.

"வயிற்றெரிச்சல்" என்று ஒருவர் ஏற்கனவே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி, நான் தாராவியை விட்டுக் கல்யாணுக்கு வந்து எவ்வளவோ காலமாகிறது. ஞாயிறு ஆராதனைக்குத்தான் ரயிலேறி அங்கே வருகிறேன். எனக்கு அந்த லிஸ்டில் பெயரும் இல்லை, வர வழியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி அழுவதைப் பார்த்து வலிப்பதற்குப் பெயர் வயிற்றெரிச்சல் என்றால், சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேளுங்கள் கொடுக்கப்படும் என்று இருக்கிறதே, விசுவாசத்தைக் குலைக்கிறாயா என்பது இன்னொன்று. தன் சரீரத்தில் இருந்த முள் நீங்கவேண்டும் என்று பவுல் மூன்று தரம் கேட்டார், போகவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல இந்தக் குரூப்பில் யாருக்காவது தைரியம் இருந்தால் சொல்லட்டும்.

சபைக் காரியத்தை முகநூலில் ஏன் போடுகிறாய்? வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியது நானில்லை.

சொல்லவந்தது இன்னும் இருக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கு என்று ஆளுக்கொரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 வந்தால் எவ்வளவு துள்ளுகிறோம்! அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது? வீடு, ஊர், ஆலயம் எல்லாவற்றையும் விட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதற்கு முந்தைய வசனத்திலேயே, திரும்பிவர 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. வீட்டை இழந்தவர்களுக்கு வந்த கடிதத்தைப் பிய்த்து அட்டையாக்கிவிட்டு, வீட்டை இழப்பவர்களைப் பார்த்தே ஆராய்ந்து பார் என்கிறோம். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி அம்மா ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் சாகும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். நம்ம பாட்டிமார் கும்பிடாத குறையாக மதித்த மனுஷி. இன்று நம்ம சபையில் இருந்திருந்தால் அவரையும் ஒரு ஜெபக் குழு போய்க் கேட்டிருக்கும், அறிக்கை செய்யாத பாவம் ஏதும் உண்டா என்று.

அம்மா செத்த வருஷம் நான் சாட்சி சொல்லக் கை தூக்கினேன். அவள் கடைசிவரை பயப்படாமல் போனாள், அதைச் சொல்ல ஆசையாக இருந்தது. நேரமில்லை என்றார்கள். அந்த வாரம் துபாய் விசா கிடைத்தவருக்கு நேரம் இருந்தது. இத்தனை வருஷம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. கமெண்டில் ஆறுதல் சொல்லவேண்டாம், தாங்காது.

பதிவைப் போட்டபிறகு இதைச் சேர்க்கிறேன்: அதை நீக்கச் சொல்லி பாஸ்டரே பேசினார். மரியாதையோடு கேட்டேன். நீக்கமாட்டேன் பாஸ்டர். அடுத்த ஞாயிறு வருவேன், அந்த அக்கா பக்கத்தில் உட்காருவேன்.

அப்புறம், அந்த அக்காவின் மகன் பத்தாவது படிக்கிறான், இப்போது பள்ளிக்கூடம் மாற்றமுடியாது. எப்போது காலிசெய்யச் சொல்வார்கள் என்று தெரியாததால் இப்போதே அறை தேடுகிறார்கள். சயான், ஆண்டாப்ஹில், வடாலா பக்கம் டெபாசிட் குறைவாக ஏதாவது இருந்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். தரைத்தளமோ மாடியோ, எதுவானாலும் சரி.