எந்தச் சுவரில் பெயர்த்தாய்?

(லிஸ்பனில் சாந்தா கிளாரா திடல். செவ்வாயும் சனியும் இங்கே கூடும் பழம்பொருள் சந்தைக்கு 'ஃபெய்ரா ட லாட்ரா' என்று பெயர். 'திருடியின் சந்தை' என்று பொருள் சொல்வார்கள். பாதிச் சண்டையை அந்தப் பெயரே மூட்டிவிடும். போர்ச்சுகல் சுவர்களில் பதிக்கும் 'அசுலேஜு' என்னும் ஓவிய டைல் போலவே நீலமும் வெள்ளையுமான காதணிகளைப் பரப்பி வைத்திருக்கும் பெண்ணின் முன்னால், ஓய்வுபெற்ற டைல்ஸ் கொத்தனார் ஒருவர் வந்து நிற்கிறார்.)

கொத்தனார்: இவற்றை எந்த வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்தாய், பெண்ணே?

பெண்: இவை சுவரையே கண்டதில்லை, ஐயா. அசுலேஜு ஒன்று 14 சென்டிமீட்டர் சதுரம். என் காதணி இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. எந்தத் திருடன் உட்கார்ந்து இவ்வளவு பொடியாக நறுக்குவான்?

கொத்தனார்: பழைய வீடுகளின் டைல்களை இரவோடு இரவாகக் கழற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றவர்களுக்கு நறுக்குவதா பெரிய வேலை? (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) இதோ, கைரேகையைக்கூட விட்டு வைத்திருக்கிறாய்!

பெண்: அது பிசையும்போது பதிந்தது. இது பாலிமர் களிமண். பிசைந்து, தகடாக உருட்டி, சதுரமாக வெட்டி, வீட்டு மின் அடுப்பில் 110 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். பிறகு நீலத்தில் பூ வரைவேன்.

கொத்தனார்: 110 டிகிரியில் ரொட்டிகூட வேகாது! அசுலேஜு ஏறக்குறைய 1000 டிகிரிச் சூளையைப் பார்த்துவிட்டு வருவது.

பெண்: முதல் தடவை நானும் அவசரப்பட்டு 200-இல்தான் வைத்தேன். கண்ணைக் கரிக்கும் புகை கிளம்பியதும், பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியையே வரவழைத்துவிட்டார்.

கொத்தனார்: மண் எப்படியம்மா புகையும்?

பெண்: (தயங்கி) உண்மையில் அது மண் இல்லை, ஐயா. பி.வி.சி.

கொத்தனார்: தண்ணீர்க் குழாய் செய்கிறார்களே, அதுவா?

பெண்: அதே குலம்தான், பிசைவதற்கு வாகாக நெகிழ்வூட்டி கலந்திருக்கிறது.

கொத்தனார்: போர்ட்டோவின் சாவ் பெந்து ரயில் நிலையத்தில், சுமார் 20,000 அசுலேஜுகளைக் கொண்டு, 1415-இல் நம்மவர்கள் வட ஆப்பிரிக்காவின் சேயுட்டா நகரைப் பிடித்த காட்சி உட்படப் பழைய வரலாற்றையே ஓவியர் ஜோர்ஜ் கொலாசு சுவரேற்றி வைத்தார். நீயோ குழாய்க்கு நீலம் தீட்டி 12 யூரோ கேட்கிறாய். திருட்டுப் பொருளாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது!

பெண்: அசுலேஜுவைக் காதில் தொங்கவிட்டால் காது தோளுக்கு வந்துவிடும், ஐயா. இது இறகைப் போல இருக்கும், எடுத்துத்தான் பாருங்களேன்.

கொத்தனார்: (ஒன்றை எடுத்து, திடீரென்று) நான்கு சதுரம் கூடினால் ஒரு பூ. இதில் ஒன்று திரும்பி நிற்கிறது! மூன்று இதழ் உள்ளே, ஒன்று வெளியே.

பெண்: (வெட்கப்பட்டு) ஒட்டும்போது தூக்கக் கலக்கம். அதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன்.

கொத்தனார்: வேண்டாம், வை. எங்கள் வீட்டு வாசல் சுவரில் நானே ஒரு டைலை இப்படித் திருப்பிப் பதித்துவிட்டேன். நாற்பது வருடமாக என் மனைவி வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் அதைத்தான் காட்டுகிறாள். இதை அவளுக்கு வாங்கிப் போகிறேன். ஆனால் பிழையுள்ள சரக்கு, இரண்டு யூரோ குறைத்துக்கொள்.

பெண்: அந்தச் சுவருக்கு நீங்கள் கூலியைக் குறைத்துக்கொண்டீர்களா, ஐயா?

கொத்தனார்: (சற்று நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு) பொட்டலம் கட்டு.