சொந்த வருகையைக் கழிக்க இத்தனை பாடா?

தளத்துக்கு வரும் வருகையை எண்ணிச் சொல்லும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் 'டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக்' பக்கத்தைத் தேடிப் பிடித்து, நம் இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியைப் போட்டு விதி எழுதிச் சேமித்தாயிற்று. இனி நம் வருகை கணக்கில் சேராது என்றுதானே யாரும் நம்புவார்கள்? சேரும். ஒன்று விடாமல் சேரும்! அந்த விதி செய்வதெல்லாம் 'இவர் உள் ஆள்' என்று முத்திரை குத்துவது மட்டும்தான். கழிக்கிற வேலை வேறொரு மூலையில் இருக்கிறது: அட்மின், டேட்டா ஃபில்டர்ஸ், 'இன்டர்னல் டிராஃபிக்'. அது தொடக்கத்திலிருந்தே 'டெஸ்டிங்' நிலையில் கிடக்கும். வலப்பக்க மூன்று புள்ளியை அமுக்கி 'ஆக்டிவ்' ஆக்கினால்தான் உயிர் வரும், அதுவும் 24 முதல் 36 மணி நேரம் கழித்து. பழைய கணக்கு அப்படியே அழுக்காகத்தான் இருக்கும், பின்னோக்கிக் கழிக்க வழியே கிடையாது. விதி எழுதுகிற பக்கத்திலேயே இதைக் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒரு நாளைக்கு 40 பக்கப் பார்வை வரும் சின்னத் தளம். அதில் 25 நாமே எழுத்துப்பிழை திருத்தப் போய் வந்தது என்றால், எந்தக் கட்டுரை ஓடுகிறது, எது ஓடவில்லை என்று எதை வைத்து முடிவெடுப்பது? பெரிய தளங்களுக்கு இது தூசு. சின்னவர்களுக்கு இதுதான் மொத்தக் கணக்கும்.

சரி, ஐபியாவது நிலைக்கிறதா? அலுவலகத்தில் நிலையான ஐபி வாங்கி வைத்திருப்பவர்களுக்குச் சரி. மொபைல் டேட்டாவில் வேலை பார்ப்பவர் என்ன செய்வார்? இணைப்பு அறுந்து வந்தால் முகவரி மாறிவிடலாம். பழைய வகையான ஐபிவி4-இல் ஒரே முகவரியை மொபைல் நிறுவனம் ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டிருக்கும், அதைக் கழித்தால் நிஜ வாசகரும் சேர்ந்து போவார். புதிய வகையான ஐபிவி6-இலோ முகவரியின் பின்பாதி அடிக்கடி மாறும். முதல் நான்கு தொகுதிகளோடு '::/64' சேர்த்து வரம்பாகக் கொடுக்க வேண்டும். 192.168 என்று தொடங்கும் வீட்டு ரவுட்டர் முகவரியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அது வீட்டு வாசலைத் தாண்டாத முகவரி, கூகுளுக்குத் தெரியவே தெரியாது.

ஐபியை விடுங்கள். பிரவுசரிலேயே அடையாளம் வையுங்கள். நமக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முகவரியின் வாலில் கேள்விக்குறிக்குப் பின் சேர்த்துத் தளத்தை ஒருமுறை திறந்தால், பிரவுசருக்குள் இருக்கும் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் ஒரு குறி விழும்படி நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். குறி இருந்தால் 'ஜிஏ-டிசேபிள்' என்பதோடு நம் தளத்துக்கு கூகுள் தந்த அளவீட்டு எண்ணைச் (மெஷர்மென்ட் ஐடி) சேர்த்து 'ட்ரூ' என்று வைக்க வேண்டும். இந்த வரிகள், வருகையை கூகுளுக்கு அனுப்பும் நிரல் துண்டான கூகுள் டேகுக்கு மேலே இருந்தே ஆக வேண்டும். கீழே போட்டால் டேக் முந்திக்கொண்டு ஓடி, வருகையை அனுப்பிவிடும்.

லேப்டாப், போன் என்று ஒவ்வொரு பிரவுசரிலும் ஒருமுறை செய்யுங்கள். இன்காக்னிட்டோவில் குறி இருக்காது. ஐபோனில் சஃபாரியைப் பயன்படுத்தியும் 7 நாள் தளத்தைத் தொடாமல் இருந்தால் அது குறியை அழித்துவிடும், மறுபடி போட வேண்டும். வேர்ட்பிரஸ் பிளகினில் 'லாகின் செய்தவரைக் கணக்கிடாதே' என்று டிக் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். லாகின் செய்யாத போனிலிருந்து பார்ப்பது அத்தனையும் ஏறும்.

முடித்ததும் 'ரியல்டைம்' அறிக்கையை ஒரு பக்கம் திறந்து வைத்து, போனில் தளத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். உங்கள் ஊர் பெயர் அங்கே எட்டிப் பார்த்தால் வரிகள் இன்னும் டேகுக்குக் கீழேதான் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.