கேட்ச் கேன் ஆயிலைச் சுத்தம் செய்யாது

'கேட்ச் கேன் போட்டால் இன்ஜின் ஆயில் சுத்தமாகவே இருக்கும், இரண்டு மடங்கு தூரம் ஓட்டிவிட்டு மாற்றினால் போதும்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். (கேட்ச் கேன் என்பது இன்ஜினிலிருந்து வரும் வாயுவில் கலந்த ஆயிலைப் பிடித்துவைக்கும் சிறு டப்பா.) இது தவறு. இதை நம்பி யாரும் இன்ஜினைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், இருக்கும் ஆயில் அந்த டப்பா பக்கமே போவதில்லை. அதை வடிகட்டுவது ஆயில் ஃபில்டர். கேட்ச் கேன் வேலை வேறு. பிஸ்டன் ரிங் இடுக்கில் கொஞ்சம் வாயு பிஸ்டனுக்குக் கீழே உள்ள இன்ஜின் அறையான கிராங்க்கேஸுக்குக் கசியும். அதை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக, இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையான இன்டேக்குக்கே அனுப்பி எரிக்கிறார்கள். கூடவே ஆயிலும் பனிமூட்டம்போலக் கலந்து போகும். நடுவில் கேன் இருந்தால், உள்ளே இருக்கும் தடுப்புகளில் மோதி ஆயில் துளிகள் அடியில் தங்கிவிடும், வாயு மட்டும் மேலே போகும்.

இது உதவுவது முக்கியமாக டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினுக்கு. அங்கே பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. படிகிற ஆயில் கரியாக இறுகிவிடும். போர்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வுக்கு முன்பே பாய்வதால் அதுவே கழுவிவிடும், பெரிய அவசியம் இல்லை.

அப்புறம், கேனில் சேர்ந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்துப் பார்த்தேன். மேலே கறுப்பு ஆயில், அடியில் தண்ணீர், மூக்கைத் துளைக்கும் பெட்ரோல் வாடை. தயவுசெய்து அதைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள். நிரம்பும்வரை விட்டுவைக்கவும் வேண்டாம், இன்டேக் மொத்தத்தையும் உறிஞ்சிவிடும்.