கொரியாவில் நடந்தது யாருக்குச் 'சிறிய போர்'?

"அணுகுண்டு இருந்ததால்தான் மூன்றாம் உலகப் போர் வரவில்லை, கொரியா போன்ற 'சிறிய போர்'களோடு போயிற்று" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பாதி உண்மை. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் மோதப் பயந்தன, சரி. அந்தப் பயமே சண்டையை அடுத்தவர் வீட்டு முற்றத்துக்குத் தள்ளிவிட்டதை யார் பேசுவது? கொரியாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் நேரம். ஜப்பான் பிடியில் இருந்த கொரியா முழுவதையும் சோவியத் படை பிடித்துவிடுமோ என்று வாஷிங்டனுக்குப் பதற்றம். டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் நள்ளிரவில் ஒரு நேஷனல் ஜியோகிராஃபிக் வரைபடத்தை விரித்து, அரை மணி நேரத்தில் 38ஆவது அட்சரேகையைக் காட்டினார்கள்: வடக்கே சோவியத் படை, தெற்கே அமெரிக்கப் படை. சியோல் தங்கள் பக்கம் வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கொரியர் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. ஸ்டாலினும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

1950 ஜூன் 25 அன்று வடகொரியத் தலைவர் கிம் இல் சுங்கின் படை அந்தக் கோட்டைத் தாண்டியது. ஸ்டாலின் சம்மதம் கொடுத்திருந்தார், ஆனால் தன் தரைப்படையை அனுப்ப மாட்டார். இங்கே விட்டுக்கொடுத்தால் நாளை ஐரோப்பாவிலும் கை வைப்பார்கள் என்று அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குப் பயம், படை அனுப்பினார். அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் படை சீன எல்லையில் ஓடும் யாலு ஆற்றை நெருங்கியபோது, அடுத்தது நாம்தான் என்று சீனாவுக்குப் பயம். அக்டோபரில் சீனப் படை இறங்கியது. எல்லோருமே தற்காப்பு என்றுதான் சொன்னார்கள்.

இதில் என்னை உறுத்துவது வானத்தில் நடந்த நாடகம். வடகொரியா பக்கம் பறந்த மிக்-15 போர் விமானங்களை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சோவியத் விமானிகள். சீன உடுப்பு, விமானத்தில் சீன அல்லது வடகொரியச் சின்னம். வானொலியில் ரஷ்ய மொழி பேசக் கூடாது என்று உத்தரவு. உயிர் போகிற சண்டையில் யாருக்கு வேற்று மொழி வரும்? ரஷ்ய மொழியிலேயே கத்தினார்கள், அமெரிக்கர்கள் கேட்டார்கள். கேட்டும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் மக்கள் கொதிப்பார்கள், ரஷ்யாவோடு பெரிய போர் மூளும். தங்களுக்குள் இவ்வளவு பக்குவமாக நடந்துகொள்ளத் தெரிந்தவர்களுக்கு, கீழே இருந்த ஊர்கள் விஷயத்தில் அந்தப் பக்குவம் எங்கே போனது? அமெரிக்கா மட்டும் 6,35,000 டன் குண்டு போட்டது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களம் முழுவதிலும் போட்டதைவிட அதிகம். அதில் 32,000 டன்னுக்கு மேல் நேபாம், அதாவது ஒட்டிக்கொண்டு எரியும் தீக்குண்டு. வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் முழுசாக நின்ற கட்டடங்களை விரல்விட்டு எண்ணலாம்.

1951 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, எவரும் முழுசாக ஜெயிக்க முடியாது என்று இரு தரப்புக்கும் தெரிந்துவிட்டது. அப்புறமும் இரண்டு வருடம் குன்றுக்குக் குன்று அடித்துக்கொண்டார்கள். திரும்பிப் போக விரும்பாத போர்க்கைதிகளைக் கட்டாயமாக அனுப்புவதா என்பதுதான் பெரிய இழுபறி. கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா சொன்னதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கு தீரும்வரை குண்டு போடுவதை நிறுத்தியிருக்கக் கூடாதா? தினமும் செத்தது கொரியர்களும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த சிப்பாய்ப் பையன்களும்தானே.

1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான். எல்லை கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே நின்றது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்திருந்தார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது. கோட்டுக்கு இரு பக்கமும் பிரிந்துபோன அண்ணன் தங்கைகளை 2018 ஆகஸ்டில் கடைசியாகச் சந்திக்க விட்டார்கள். காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.