தண்ணீர் கேனுக்கு எதற்குக் கொடி?

இடுப்பளவு வெள்ளம். மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். கீழே தண்ணீர் கேன்களோடு வண்டி வந்து அரை மணி நேரமாகிறது, ஒன்றைக்கூட இறக்கவில்லை. கட்சிக்காரர் வரவேண்டுமாம், கொடி கட்டவேண்டுமாம், அப்புறம்தான் விநியோகமாம். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

பேரிடர் நிவாரணத்துக்காக உலகெங்கும் உதவி அமைப்புகள் பின்பற்றும் ‘ஸ்பியர்’ (Sphere) தர அளவுகள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கின்றன. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துத்தான். நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் கிடைத்ததைக் குடிப்பார்கள். பின்னாலேயே வயிற்றுப்போக்கு வரும். முதலில் துவண்டு விழுவது குழந்தைகள்.

கட்சிக்காரரையாவது விடுங்கள். மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் அதிகாரியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. “அந்தத் தெரு நமக்கு ஓட்டுப் போடாத தெரு, கடைசியில் பார்த்துக்கலாம்” என்று ஒருவர் சொல்கிறார், இவரும் சரி என்று தலையாட்டுகிறார். ஓட்டுச் சண்டையைத் தேர்தலில் போடுங்களேன், யார் வேண்டாம் என்றார்கள்?

அன்றைக்குக் கேன்களை மேலே ஏற்றும்போது இருட்டிவிட்டது. குழந்தை அழுது அழுது தூங்கிப்போயிருந்தது.